வடக்கன்குளத்துக் கோணத்தை மறைக்க வேண்டாம்

பழைய திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இப்பால் இருக்கிறது வடக்கன்குளம். அங்குள்ள திருக்குடும்ப ஆலயம் 1872இல் எழுந்தது. வழக்கமான கத்தோலிக்கக் கோயிலில் வாசலிலிருந்து பீடம்வரை நேராக ஓடும் ஒரே நடுக்கூடம் இருக்கும். பெரிய கோயிலானால் பீடத்துக்கு முன்பாக இருபுறமும் கைகள் நீண்டு, தரைப்படம் சிலுவையாகும். வடக்கன்குளத்தில் பீடம் ஒன்று, நடுக்கூடங்கள் இரண்டு. பீடத்தில் சேர்ந்திருக்கும் அவ்விரண்டும் வாசலை நோக்கி விலகி விலகிப் போகின்றன. மேலிருந்து பார்த்தால் ஆங்கில ‘வி’ எழுத்து. வெளியூரிலிருந்து வந்து பார்த்தவர்கள் இதை இரட்டைக்குழல் துப்பாக்கி என்றும் கால்சட்டை என்றும் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்கள். வேடிக்கைக்குரிய செய்தி அல்ல இது. ஒரு கூடத்தில் வேளாளரும் அவரோடு சேர்ந்த மேல்சாதியினரும், மறு கூடத்தில் நாடார்களும் இருந்து, ஒரே பூசையைக் காண வேண்டும், ஆனால் ஒருவரோடு ஒருவர் கலக்கக் கூடாது என்பதற்காகவே கோயில் அப்படிக் கட்டப்பட்டது. இடையிலிருந்த தடுப்பை 1910இல் சேசு சபைத் துறவி கௌசானல் அடிகளார் அகற்றினார். கோணம் அப்படியே நிற்கிறது. அதைக் கட்டடக்கலை விநோதம் என்று சொல்லிப் பூசி மெழுகுவதும் தவறு, இடித்துவிட்டு நேரான புதுக் கோயில் கட்டலாம் என்று நினைப்பதும் தவறு. அந்தக் கோணம் எதற்காக வந்தது, யார் கேட்டார்கள், யார் இணங்கினார்கள், யார் உடைத்தார்கள் என்பதைக் கோயில் வாசலிலேயே கல்லில் வெட்டி வைப்பதுதான் நேர்மை.

கட்டடத்தை எதற்கு இத்தனை முக்கியமாகப் பேச வேண்டும், சாதி எல்லா இடத்திலும்தானே இருந்தது என்று தோன்றலாம். ஏட்டில் இருக்கும் சாதியும் பழக்கத்தில் இருக்கும் சாதியும் மாறிக்கொண்டே இருப்பவை. சாட்சி சொன்னவர் மறைந்தால் மறைந்துவிடுபவை. தரைப்படமாக மாறிய சாதி அப்படி மறைவதில்லை. நேரான கூடம் ஒன்றைக் கட்டி, நடுவே தட்டியோ கிராதியோ வைத்துப் பிரித்திருந்தால், தட்டியை எடுத்த அன்றே கூடம் ஒன்றாகியிருக்கும். இரண்டு தலைமுறை கழித்து யாருக்கும் நினைவிருக்காது. 1872இல் கட்டியவர்கள் பிரிவினையைத் தட்டியில் வைக்கவில்லை, அஸ்திவாரத்தில் வைத்தார்கள். ஆகவே 1910இல் தடுப்பு போனபோது சட்டப்படியும் சடங்குப்படியும் சபை ஒன்றானது. கண்ணால் ஒன்றாக முடியவில்லை. ஒரு கையின் கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பீடம் தெரியும், மறு கையின் கடைசி வரிசையில் இருப்பவர் தெரியமாட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1960களின் நடுவிலிருந்து, குருக்கள் மக்களை நோக்கித் திரும்பி நின்று தாய்மொழியில் பூசை வைக்கத் தொடங்கினார்கள். அதற்குமுன் பீடத்தை நோக்கி லத்தீனில் வைத்த பூசைக்கு எதிரே இருப்பது ஒரு சபையா இரண்டு சபையா என்ற கேள்வியே எழவில்லை. இப்போது கோணத்தின் முனையில் நிற்கும் குருவானவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் தலையைத் திருப்பித்தான் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்கும். சங்கம் வகுத்த வழிபாட்டின் அடிப்படையே மக்கள் ஒரே சபையாகப் பீடத்தைச் சூழ்ந்திருப்பது. அதற்கு நேர் எதிரான எண்ணத்தில் பிறந்த கட்டடத்துக்குள் அந்த வழிபாடு நாள்தோறும் நடக்கிறது. இந்த முரண்பாட்டைக் காட்டும் கட்டடம் தமிழ்நாட்டில் வேறு எங்கே இவ்வளவு தெளிவாக இருக்கிறது?

இந்த வடிவத்தை ‘மேல்சாதி ஆதிக்கத்தின் சின்னம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அது பாதி உண்மை. முழு ஆதிக்கம் இருந்த இடத்தில் இப்படி ஒரு கோயில் தேவைப்பட்டிருக்காது. பலமில்லாதவர்களைப் பின்வரிசையில் தரையில் உட்கார வைத்திருப்பார்கள், அல்லது தாழ்வாரத்தில் நிறுத்தியிருப்பார்கள், அல்லது ஊர்க்கோடியில் ஓலைக் கொட்டகை ஒன்றைப் போட்டு அங்கே போகச் சொல்லியிருப்பார்கள். இரண்டு கூடங்களும் ஒரே பீடத்தில் முட்டுகின்றன என்பதே, இரண்டு தரப்பும் பேரம் பேசும் நிலையில் இருந்தன என்பதைக் காட்டுகிறது. காலத்தைப் பாருங்கள். கணவாயைத் தாண்டினால் திருவிதாங்கூர். அங்கே நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1822 தொடங்கி நடந்த போராட்டம், 1859இல் அரசப் பிரகடனம் வந்தபின்தான் ஓரளவு அடங்கியது. இப்பக்கம் திருநெல்வேலியில் பனையை நம்பி வாழ்ந்த அதே சமூகம், மிஷன் பள்ளிகளும் வணிகமும் திறந்த வழிகளில் ஏறி வந்துகொண்டிருந்தது. எண்ணிக்கையும் இருந்தது, தன்மானமும் இருந்தது. வேளாளரிடம் நிலமும் கணக்கெழுத்தும் பழைய கௌரவமும் இருந்தன. ஒருவரை ஒருவர் வெளியேற்ற முடியாது, ஒன்றாக உட்காரவும் முடியாது. இந்த முட்டுக்கட்டைக்குப் பாதிரிமார் கண்ட தீர்வுதான் ‘வி’. அது ஆதிக்கத்தை மட்டுமல்ல, ஆதிக்கம் தளரத் தொடங்கிய கட்டத்தையும் பதிவு செய்திருக்கிறது. இன்னொன்றையும் இதிலிருந்தே படிக்க வேண்டும். பேரம் பேச வலுவில்லாத ஒடுக்கப்பட்டவர்களுக்கு, பறையர்களுக்கும் பள்ளர்களுக்கும் சக்கிலியர்களுக்கும், இப்படி மூன்றாவது கை ஒன்றை இங்கே யாரும் கட்டித் தரவில்லை. வடக்கன்குளத்தை ‘சாதி ஒழிந்த கதை’ என்று சொல்ல நினைப்பவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது.

இந்தப் பிரிவினை 1872இல் திடீரென்று வந்ததும் அல்ல. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகரான ராபர்ட் தெ நொபிலி, கடற்கரைப் பரதவருக்காக அங்கே ஏற்கெனவே இருந்த கோயிலிலிருந்து விலகி, சந்நியாசிக் கோலம் பூண்டு, மேல்சாதியினருக்கெனத் தனிக் கோயில் நடத்தினார். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மற்றச் சாதியினரிடையே பணியாற்றப் பண்டாரசாமிகள் என்ற பிரிவே ஏற்பட்டது. சந்நியாசிக் குருவானவர் ஒரு வாசலிலும் பண்டாரசாமி இன்னொரு வாசலிலும் என்று சபையே இரண்டு நடையில் நடந்தது. நம்பிக்கையைப் பரப்பச் சாதியை அனுசரித்துப் போவதா, எதிர்த்து நிற்பதா என்ற சண்டை ரோம்வரை போய், பாப்பரசர்களின் ஆணைகள் வந்து, ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. புதுச்சேரியில் என்ன நடந்தது என்பதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு காட்டுகிறது. சம்பா கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில், காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் காரணமாக அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் சுவர் இருந்த இடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுச் சமாதானம் செய்தார்கள். சுவரை இடித்தவுடன் நாற்காலி வந்தது. வடக்கன்குளத்தில் கோணமே வந்தது. இடிப்பதும் வேறு உருவில் திரும்பக் கட்டுவதும் நம் ஊர்களில் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

வடக்கன்குளத்துக்கு இதைவிடப் புகழான இன்னொரு வரலாறு உண்டு. புதுச்சேரியில் சுவர் இடிபட்ட அதே 1745இல், மே 14ஆம் தேதி, திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நீலகண்டன் என்பவர் இங்கே புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர். சாதி பாராமல் எல்லாரோடும் புழங்கினார் என்பதே அவர்மேல் எழுந்த பகைக்கு ஒரு காரணம். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15இல் வத்திக்கானில் புனிதராக உயர்த்தப்பட்டார். அதற்குமுன் ஒரு விவாதம் நடந்தது. அதுவரை சபையின் ஆவணங்களில் அவர் பெயர் ‘தேவசகாயம் பிள்ளை’. ‘பிள்ளை’ சாதிப்பெயர், புனிதருக்கு ஒட்டாது என்று கோரிக்கை எழுந்தது. அரசப் பணியில் இருந்தவருக்குக் கிடைத்த பட்டம்தான், சாதி அல்ல என்று மறுத்தவர்களும் உண்டு. வத்திக்கான் அந்தப் பின்னொட்டை நீக்கியது. பீடத்தில் வைத்து எல்லாரும் வணங்கப் போகிற ஒருவருடைய பெயர் எல்லாருக்கும் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதால் அந்த முடிவு சரி என்றே கருதுகிறேன். ஆனால் அதே வழியைக் கட்டடத்துக்கும் நீட்டக் கூடாது. புனிதரின் பெயர் வேண்டுதலுக்கு உரியது, திருத்தலாம். கட்டடம் ஆவணம். ஆவணத்தில் பிடிக்காத வரியை அழித்தால் மிச்சமிருக்கும் வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள். சாதியைக் கடந்ததற்காகப் பகை தேடிக்கொண்ட ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில், 127 ஆண்டுகள் கழித்துச் சாதிக்காகக் கோயிலே வளைந்தது என்பதை இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வடக்கன்குளத்தின் கதை முழுமையாகும். திருயாத்திரை வருகிறவர்களுக்குப் பாதியை மட்டும் சொல்லி அனுப்புவது அந்தப் புனிதருக்கே செய்யும் மரியாதைக் குறைவு.

தடுப்பு அகற்றப்பட்டதும் வழக்கு வந்தது. வேளாளத் தரப்பினர் ஆயரை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்தே என்று சட்ட நூல்களில் இடம்பெற்றுள்ள அந்த வழக்கில், கோயிலில் தங்களுக்கெனத் தனி இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடம் தரவில்லை. தீர்ப்பு 1917ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் இருக்கிறது. இதை அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வந்த இன்னொரு தீர்ப்பின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் அரசர் தரப்பில் தொடுக்கப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908இல் நாடார்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்று முடிந்தது. கமுதியில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் என்பதே தீர்ப்பின் அடித்தளம். வடக்கன்குளத்தில் வழக்கத்தைக் காட்டி வந்தவர்கள் தோற்றார்கள். ஒரே சமூகம், ஏறக்குறைய ஒரே பத்தாண்டு, நேரெதிர் முடிவுகள். கிறிஸ்தவத்துக்கு வந்தபின் சாதியை உரிமையாகக் காட்டி நீதிமன்றத்தில் நிற்க முடியாது என்ற நிலையைத் தமிழ்நாட்டுச் சட்ட வரலாற்றில் ஊன்றிய வழக்குகளில் இது முக்கியமானது. அதன் சாட்சிப் பொருள் இன்றும் வெயிலில் நிற்கிறது. கொலைவழக்குக் கத்தியைக்கூட நீதிமன்றம் எண் போட்டுப் பத்திரப்படுத்துகிறது.

எதிர்ப்புகளுக்கு வருவோம். முதலாவதாக வருவது, ஆறிய புண்ணைக் கிளறாதீர்கள் என்பது. ஊர் இன்று ஒன்றாக இருக்கிறது, இரண்டு தரப்புப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள், திருவிழாவில் ஒரே சப்பரத்தை இழுக்கிறார்கள், கல்லில் எழுதி வைத்து எதற்குப் பகையை நினைவூட்ட வேண்டும்? இந்தக் கவலையை அலட்சியமாகத் தள்ள மாட்டேன்; ஊரில் வாழ்கிறவர்கள் அவர்கள்தான், கட்டுரை எழுதுகிறவர்கள் அல்ல. ஆனால் பேசாமல் இருந்தால் ஆறிவிடும் என்பதற்கு நம்மிடம் சான்று இல்லை, எதிர்ச்சான்றுதான் இருக்கிறது. விழுப்புரம் பக்கம் ஏறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். அங்கே யாரும் எதையும் கல்லில் எழுதி வைத்திருக்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதிவாரியாகப் பிரித்து எழுந்த சுவர், நம் காலத்தில்தான் போராட்டமாக வெடித்தது. அங்கும் நெடுங்காலம் பேசாமல்தான் இருந்தார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. டெல்லியில் அச்சடித்து வெளியிட்டதை வடக்கன்குளத்து வாசலில் சொல்லக் கூடாது என்று வாதிடுவது கஷ்டம்.

அடுத்தது, கோயில் ஜெபிக்கிற இடம், அருங்காட்சியகம் அல்ல என்பது. நியாயம்தான். ஜெபமாலை சொல்லப் போகிறவரை வழிமறித்து வரலாற்றுப் பாடம் நடத்தச் சொல்லவில்லை. ஆனால் நம் கோயில்களில் கல் பேசாமல் இருந்ததே இல்லை. தென்காசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், தனக்குப்பின் இந்தக் கோயிலைக் காக்கப் போகிறவர்களைப் பணிந்து வணங்கிக் கல்வெட்டே பொறித்து வைத்திருக்கிறான். இடிந்து மொட்டையாகப் பல காலம் நின்ற ராஜகோபுரத்தை 1990இல் மீண்டும் எழுப்பிக் குடமுழுக்குச் செய்தபோது, அந்தக் கல்வெட்டின் வேண்டுதலுக்கு ஐந்து நூற்றாண்டு கழித்து ஊர் பதில் சொன்னதாகப் பெருமைப்பட்டவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். எந்த ராஜா எத்தனை மா நிலம் விட்டான், விளக்கெரிக்க யார் எத்தனை ஆடு தந்தார் என்பதையெல்லாம் சுவரில் வெட்டி வைத்த நாடு இது. கிறிஸ்தவக் கோயில்களிலும் அடிக்கல் நாட்டியவர், மந்திரித்த ஆயர், மணி வாங்கித் தந்தவர் பெயர்கள் பளிங்கில் பளபளக்கின்றன. மின்விசிறியின் இறக்கையில்கூட உபயதாரர் பெயர் சுற்றுகிறது. கொடுத்த கதையை எழுத இடமிருக்கிறது, பிரித்த கதையை எழுத மட்டும் இடமில்லை என்பது பொருந்தவில்லை. வெளிநாட்டில் வழிபாடு நடக்கும் கோயில்களே இதைச் செய்திருக்கின்றன. நியூயார்க் நகரின் புனித அகஸ்டின் ஆலயம் 1828இல் கட்டப்பட்டது. கறுப்பினத்தவரை மற்றவர் கண்ணில் படாமல் உட்கார வைத்த இரண்டு சிற்றறைகள் அதன் மேல்மாடத்துக்கும் மேலே இருக்கின்றன. அந்தச் சபையார் அவற்றை இடிக்கவில்லை. பழுதுபார்த்து, வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். சேசு சபையாரே 1838இல் தங்கள் ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனைத் தீர்க்க 272 அடிமைகளை விற்றதற்காக 2017இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். வடக்கன்குளத்தில் 1872க்கும் 1910க்கும் பொறுப்பாளிகள் அதே சபையார்தான். இங்கே எழுதப்போவதில் அவர்களுக்குக் கௌரவமும் இருக்கிறது.

மூன்றாவது எதிர்ப்பு சற்றுக் காரமானது. இந்துக் கோயில்களுக்குள் கோடிக்கணக்கானவர்களை விடவே இல்லை. உள்ளே விட்டு ஒரே பீடத்தைக் காட்டிய கோயிலைப் பிடித்துக்கொண்டு ஏன் குறை சொல்கிறீர்கள்? கேள்வியில் உள்ள உண்மையை முழுதாக ஏற்கிறேன். மதுரை மீனாட்சி கோயில் 1939 ஜூலை 8 அன்றுதான் திறந்தது. தேசியப் பள்ளியாகத் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில்கூடப் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்த விவகாரம் 1924, 1925இல் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்டது. ஆனால் இந்த ஒப்பீடு என் வாதத்துக்கு எதிரானதல்ல, ஆதரவானது. விடவே மாட்டோம் என்று சொன்ன கோயிலுக்குத் தனிக் கட்டடக்கலை தேவைப்படவில்லை. மதிற்சுவரும் வாசலும் போதும். யாவரும் ஒரே உடல் என்று போதித்து எல்லாரையும் உள்ளே அழைத்த கோயிலுக்குத்தான், அழைத்தபின் எங்கே உட்கார வைப்பது என்ற சங்கடம் வந்தது. போதனை இழுத்த பக்கமும் சாதி இழுத்த பக்கமும் ஒரே தரைப்படத்தில் பதிவானது அதனால்தான். பக்கத்து ஊர்க் கோயில்கள் நேராக இருப்பதைக் காட்டி அவற்றையும் புகழ்ந்துவிட வேண்டாம். இடையன்குடியில் கால்டுவெல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டுக் கட்டி 1880இல் பிரதிஷ்டை செய்த திரித்துவ ஆலயம் கம்பீரமான நேர்க்கூடம். அங்கே கோணம் வராததற்கு அந்தச் சபை பெரும்பாலும் ஒரே சமூகமாக இருந்தது முக்கியமான காரணம். சாதிகள் கலந்திருந்த தஞ்சாவூர்ச் சுவிசேஷச் சபைகளில், 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே எதிர்த்து நின்றார். நேராக இருக்கும் கூடமெல்லாம் சமத்துவத்தின் சான்றாகிவிடாது. சில கூடங்களில் வேறு யாரும் இல்லை, அவ்வளவே.

பாதிரிமாருக்காகச் சொல்லப்படும் சமாதானம் ஒன்றும் உண்டு. கலந்து உட்காருங்கள் என்று அன்றே கட்டாயப்படுத்தியிருந்தால் ஒரு தரப்பு கோயிலையே விட்டுப் போயிருக்கும். சீர்திருத்தச் சபைகள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்த காலம். இரண்டு கூடமாவது கட்டி எல்லாரையும் ஒரே பீடத்தின் கீழ் வைத்தது விவேகம். அந்தக் காலத்தின் நெருக்கடியை எண்ணிப் பார்த்தால் இது பொய்யான வாதமல்ல. ஆனால் 1872இல் முடியாது என்று சொல்லப்பட்டதை 38 ஆண்டுகளில் அதே சபையைச் சேர்ந்த ஒருவர் செய்துவிட்டார். கௌசானல் அடிகளார் பாளையங்கோட்டையில் 1903இல் திரு இருதய சகோதரர் சபையை நிறுவியவர் என்று பலருக்குத் தெரியும். வடக்கன்குளத்துத் தடுப்பை அகற்றி, வழக்கையும் வசையையும் சேர்த்து வாங்கிக்கொண்டது அதே அளவுக்குத் தெரிய வேண்டும். 1872இன் விவேகத்தை எழுதாமல் விட்டால் 1910இன் துணிச்சலுக்கும் பொருள் இல்லாமல் போகிறது. எதை எதிர்த்தார் என்று தெரியாதவருக்கு எப்படிப் புகழ் சேர்ப்பது?

கோயிலையே இடித்துவிட்டுப் பெரிதாக, நேராகக் கட்டுவது என்ற ஆசை எந்தப் பங்கிலும் எப்போது வேண்டுமானாலும் எழலாம் என்பதால் அதைப் பற்றியும் ஒரு சொல். தென் மாவட்டங்களில் நூறாண்டு, நூற்றைம்பதாண்டு கண்ட கோயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய், அந்த இடத்தில் காங்கிரீட் கோபுரங்களும் டைல்ஸ் தரையும் வருவதைப் பார்க்கிறோம். கூட்டம் பெருகிவிட்டது, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பணம் தருகிறார்கள், பக்கத்துப் பங்கில் கட்டிவிட்டார்கள்: காரணங்கள் இவைதாம். சுண்ணாம்பும் செங்கலும் கொண்டு எழுந்த 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம் வலுவிழப்பது பெரும்பாலும் வயதால் அல்ல, நாம் செய்யும் வைத்தியத்தால். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பளபளக்கும் பெயிண்டையும் ஏற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உதிர்கிறது. பிறகு ‘பழசு, தாங்காது’ என்று இடிக்கிறார்கள். வடக்கன்குளத்தில் இந்தப் பிழை நேரக் கூடாது. 1966ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டமும் 2012ஆம் ஆண்டின் மரபு ஆணையச் சட்டமும் மாநில அரசின் கையில் இருக்கின்றன. மன்னர் கட்டியவற்றுக்கும் வெள்ளைக்காரர் மாளிகைகளுக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைச் சமூக வரலாற்றின் சாட்சியான இக்கோயிலுக்கும் காட்டலாம். வழிபாட்டு உரிமை பங்கு மக்களிடமே இருக்கட்டும். சுவரில் கைவைப்பதற்கு முன் மரபுக் கட்டடம் தெரிந்த ஒருவரைக் கேட்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனை போதும்.

வாசலில் வைக்கும் கல்லில் என்ன எழுதுவது என்பதுதான் கடினமான வேலை. அதைத் தூத்துக்குடி மறைமாவட்டமோ சேசு சபையோ தனியாக உட்கார்ந்து எழுதினால் 1910இன் வெற்றியை முன்னால் வைத்து 1872ஐ ஓர் அடைமொழிக்குள் அடக்கிவிடும் ஆபத்து உண்டு. ஒரு சமூகத்தார் மட்டும் எழுதினால் மற்றவர் மேல் குற்றப்பத்திரிகை ஆகிவிடும். இரண்டு கூடங்களிலும் உட்கார்ந்திருந்தவர்களின் வாரிசுகளும், எந்தக் கூடத்திலும் கணக்கில் வராமல் போனவர்களின் வாரிசுகளும் சேர்ந்து எழுத வேண்டும். திருமுழுக்குப் பதிவேடுகள், மதுரை மிஷன் கடிதங்கள், உயர்நீதிமன்றத் தீர்ப்பு எல்லாவற்றையும் வரலாற்றுத் துறையினர் எடுத்து வைக்கலாம். வாசகம் நீண்டுவிடக் கூடாது. ஆண்டும் காரணமும் பெயர்களும் இருந்தால் போதும், வருத்தம் தெரிவிக்கும் ஒரு வரி வேண்டுமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஏறையூரும் மேலப்புதூரும் அதில் இடம்பெற வேண்டுமா என்று வாக்குவாதம் எழும். இடம்பெற வேண்டும் என்பேன். வடக்கன்குளத்துக்கு வெளியே நடந்ததை வடக்கன்குளத்துக் கல்லில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டால், மேலப்புதூரில் இன்னொரு கல்லை நடும் பொறுப்பைத் திருச்சிக்காரர்கள் ஏற்கும்வரையாவது இங்கே இருக்கட்டும்.